மாடியில் ஊதிய சங்கு

நான் கேட்கிற பாட்டைப் பாட்டு என்று ஒத்துக்கொள்கிற ஆள் பாளையங்கோட்டையில் இன்னும் பிறக்கவில்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை, கொஞ்சம் கர்வமாகவே சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, காது நன்றாகக் கேட்கிறது. அந்தக் காதை நான் என்ன பாடு படுத்துகிறேன் என்பதுதான் எங்கள் தெருவின் கவலை.

எல்லாம் ஒரு ஹாஸ்டல் தோழியால் வந்தது. வெளிநாட்டில் இருந்த அவள் அண்ணன் ஒரு சி.டி. அனுப்பியிருந்தான். "ஒரே எரைச்சலா இருக்கு, நீ வச்சுக்கோ" என்று அதை என் தலையில் கட்டினாள். போட்டுப் பார்த்தேன். ராக் மாதிரி ஆரம்பித்து, எங்கேயோ வழி தவறிப் போய், ஸ்குரு டிரைவரால் கிட்டார் தந்தியைச் சுரண்டி, நடுவில் ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத சத்தமெல்லாம் வந்தது. டிரம்ஸ்காரன் ஏழு ஏழாக அடித்துக்கொண்டிருந்தான், கிட்டார்காரன் நாலு நாலாக வாசித்துக்கொண்டிருந்தான். ரெண்டு பேருக்கும் சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். சரி, என்னதான் ஆகிறது என்று விரல் விட்டு எண்ணினேன். இருபத்தெட்டாவது அடியில் ரெண்டு பேரும் 'டம்' என்று ஒன்றாக வந்து விழுந்தார்கள். மீச்சிறு பொது மடங்கு! ஹாஸ்டல் கட்டிலில் இருந்து துள்ளிக் குதித்ததில் பக்கத்துக் கட்டில்காரி பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

அந்த இசையில் இருந்து காலத்தில் பின்னால் நடந்து நடந்து, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய ப்ளூஸ் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கிட்டார், விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு தந்தியை இழுஇழு என்று இழுப்பது. பாடுகிறவனுக்குத் தொண்டை சரியில்லை, கிட்டாருக்குச் சுருதி சரியில்லை, காலால் தரையில் தட்டுகிற தட்டு மட்டும் சரியாக இருக்கிறது. எனக்கு அது போதும். பொண்டாட்டி போய்விட்டாள், ரயில் போய்விட்டது, ஆறு வீட்டைக் கொண்டுபோய்விட்டது என்று அந்த ஆள் பாடப் பாட, எனக்கு மட்டும் ஏனோ சந்தோஷம் பொங்கிக்கொண்டு வரும். ஏன் என்று கேட்காதீர்கள், இருபது வருஷமாக நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

காலையில் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதில் மாட்டிக்கொண்டால் பள்ளிக்கூட வாசல் வரை நான் இந்த உலகத்தில் இல்லை. விரல் தானாகக் கம்பியில் தாளம் போடும். என் வகுப்புப் பையன்கள் ஏறினால் "மிஸ்ஸு ஜெபிக்காங்கலே" என்று ஒதுங்கி நிற்பார்கள். ஒருமுறை ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டின்போது ஆசைப்பட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். தமிழாசிரியர் ரசத்தைப் பாதியில் நிறுத்தி, "டீச்சர், ஒங்க போன் ரிப்பேரு போலுக்கே" என்றார். அதற்கப்புறம் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. சவத்துப் பயலுக, அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒரு முறை வேண்டும் அவருக்கு. யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு அடுத்தது, எந்தப் பெயருக்குக் கீழே எந்தப் பெயர் வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உயிர். என் பாட்டைப் பற்றி அவருக்கு ஒரே கேள்விதான். "ஏட்டி, மேல பாட்டு ஓடுதா, மிக்ஸி ஓடுதா? ரெண்டுல எதுன்னாலும் சவத்த அமத்து."

அவருடைய முறைதான் அவருக்கு வினையாக வந்தது. சித்தப்பா, அதாவது அவருடைய ஒரே தம்பி, நாங்குநேரியில் இருக்கிறார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் மேலே, குடும்பத்துக்கு மூத்தவர் என்று வந்திருக்க வேண்டும். வந்தது எங்கே தெரியுமா? கடைசிப் பக்கத்தில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற கூட்டத்தில், மாப்பிள்ளை வீட்டுச் சகலைகளுக்கெல்லாம் கீழே. அச்சாபீஸில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றார் சித்தப்பா. "நீ ப்ரூப் பாக்கலியாலே?" என்றார் அப்பா. "அச்சாபீஸ்காரன் செஞ்ச தப்புக்கு நான் எதுக்குக் கால்ல விழணும்?" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. நாலு வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது.

போன பங்குனியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். படுத்திருந்த நாளெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்தாலும் தலை திரும்பும், தரை துடைக்கிற ஆயா வந்தாலும் தலை திரும்பும். எனக்குத் தெரியாதா யாரைத் தேடுகிறார் என்று? வராந்தாவில் நின்று சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "அண்ணன் கூப்பிடச் சொன்னாகளா?" என்றார். இல்லை, நானாகத்தான் சொல்கிறேன் என்றேன். "அவுக கூப்பிடட்டும், வாறேன்" என்று வைத்துவிட்டார். உள்ளே போய் அப்பாவிடம், "ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்" என்றேன். "நான் கூப்பிட்டு அவன் வரணுமா? தானா வரத் தெரியாதா?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரெண்டு கிழங்களையும் ஒரு கயிற்றில் கட்டி ஆற்றில் தள்ளலாம் போல வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அதே பயம்தான். இன்னொரு முறை இந்த வலி வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே போய்விட்டால்?

இந்தச் சமயத்தில்தான் நான் ஸ்பீக்கர் வாங்கினேன். மைக் செட் போடுகிற ஒருவர் தொழிலை விடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கோயில் கொடைத் திருவிழாக்களில் தெருவையே அதிரவைத்த பெட்டி. மாடியில் என் அறைக்குள் ஏற்றுவதற்குள் சுமை தூக்க வந்தவர்கள் என் வம்சத்தையே வைதார்கள். அறையின் நல்ல மூலையில் வைக்க ஆசைதான். ஒயர் எட்டவில்லை. தெருவைப் பார்த்த ஜன்னலோரம், தெருவைப் பார்த்த முகமாகவே வைக்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் என் அறிவு கொஞ்சம் வேலை செய்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு புறவாசல் குளியலறைக்குள் போய்விட்டார். எண்ணெய்க் குளியல் என்றால் அவர் வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். நான் போனை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எனக்குப் பிடித்த குழு ஒன்று நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு புதிய ஆல்பம் போட்டிருந்தது. இயர்போனில் கேட்டால் பாவம் என்று ஒரு வாரமாகத் தொடாமல் வைத்திருந்தேன்.

அந்தப் பாட்டை நான் கொஞ்சம் விவரித்தாக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு ஊதல். சாக்ஸபோனில் ஒரே சுரத்தை மூச்சு முட்ட நீளமாக ஊதுகிறார்கள். நிறுத்துகிறார்கள். மறுபடி. மறுபடி. அப்புறம் ஒரு இரும்புத் தகட்டில் 'ணங்' என்று ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'ணங்'. அதற்குப் பிறகு ஒரு ஆண் குரல் வார்த்தையே இல்லாமல் அழுகிறது. பின்னாலேயே ரெண்டு மூன்று பெண் குரல்கள் சேர்ந்து அழுகின்றன. ரொம்ப நேரம் கழித்துத்தான் கிட்டார் வரும், டிரம்ஸ் வரும், பாட்டு எழுந்து நடக்க ஆரம்பிக்கும். கிட்டார் வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. நான் அதுவரை விடவில்லையே! புதுப் பெட்டி, அடித்தொண்டைச் சத்தம் சரியாக வருகிறதா, மேல் சத்தம் கீச்சிடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? ஊதல், தட்டு, அழுகை. குமிழைத் திருகுவேன். மறுபடி முதலில் இருந்து ஊதல், தட்டு, அழுகை. கொடையில் பழகிய பெட்டி, என்ன கம்பீரமாகத் தூக்கிக் கொடுத்தது தெரியுமா! கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், மேலெல்லாம் புல்லரித்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் முதலில் கேட்பது சங்கு. அப்புறம் 'ணங்' என்று சேகண்டி. அப்புறம் அழுகை. இந்த வரிசை தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதிலும் நெஞ்சுவலி வந்து திரும்பிய கிழவர் இருக்கிற வீட்டில் இருந்து இது மூன்றும் அடுத்தடுத்துக் கேட்டால் யாராவது வந்து 'உண்மைதானா' என்று விசாரிப்பார்களா? அப்படிக் கேட்பது மரியாதையா? தெருவில் அத்தனை வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு மதினி இட்லிக் கொப்பரையை வெந்தும் வேகாமலும் இறக்கி வைத்தாளாம். பொணத்தை எடுக்கிற வரைக்கும் தெருவில் யாரும் சாப்பிடக் கூடாதே.

தொண்டை வறண்டு, தண்ணீர் குடிக்க இறங்கி வந்தேன். முகம் முழுக்கச் சிரிப்பு. கூடத்தில் பார்த்தால் நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் ஒதுக்கிப் போட்டிருக்கிறது. பெண்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் கண்ணும் சாத்தியிருந்த உள்ளறைக் கதவு மேல். தெருச் சங்கக் கூட்டமோ, நவராத்திரி வசூலோ என்று நினைத்து, "வாங்க வாங்க! என்ன மதினி, எல்லாரும் சேந்தாப்புல? காப்பி போடட்டா?" என்றேன்.

எல்லோருக்கும் முகம் வெளிறிவிட்டது. துட்டி கேட்க, அதாவது சாவு விசாரிக்க, வந்தவர்களைப் பார்த்து யாராவது 'வாங்க' என்று சொல்வார்களா? மதினி எழுந்து வந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஏளா, ஒத்தையில நிக்கியேம்மா. அழுதுரு. வாய் விட்டு அழுதுரு."

"எதுக்கு மதினி?"

பின்னால் ஒரு குரல், "பிள்ளைக்கு அதிர்ச்சில கோட்டி புடிச்சிட்டு" என்றது.

மதினி என் தலையைத் தடவிக்கொண்டே, "மேல சங்கு ஊதுனது யாரும்மா? ஆளு வந்தாச்சா?" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷம்! எதிர்வீடு வரைக்கும் அவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறதே! "நாந்தான் மதினி. எப்படி இருந்துச்சு? நல்லா எடுப்பா இருந்துச்சுல்லா?"

மதினி என்னை விட்டு ரெண்டடி பின்னால் போனாள். அந்த நேரம் பார்த்துப் புறவாசல் கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு, சீயக்காய் வாசத்தோடு அப்பா கூடத்துக்குள் வந்து, "யாருட்டி வந்திருக்கா?" என்றார். ஒரு அம்மாள் "ஏ யாத்தீ" என்று போட்ட கூப்பாட்டில் அம்மா படத்துக்குப் பின்னால் இருந்த பல்லி கீழே விழுந்தது. மதினி அப்பாவின் காலைத்தான் பார்த்தாள். தரையில் பாவுகிறதா என்று பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மதினியின் வீட்டுக்காரர், எதிர்வீட்டு அண்ணாச்சி, தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிறவர். ஆளுக்குச் சொல்லி, ஐஸ் பெட்டியும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வரவழைத்துவிட்டார். நாலு பேர் அந்தக் கண்ணாடிப் பெட்டியை 'பைய, பைய' என்று இறக்கிக்கொண்டு உள்ளே வர, அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, நம்ம வீட்டுல பிரிட்ஜு இருக்கே. இது எதுக்கு?"

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல், ஸ்பீக்கர், சாக்ஸபோன், தகடு. சொல்லி முடித்தேன். அப்புறம் மதினிதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு, தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பெட்டி தூக்கி வந்தவர்களும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அப்பா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒம் பாட்டு கடைசில என்னையக் கொன்னே போட்டுட்டுல்லாட்டி!"

மதினி வீட்டில் இருந்து துட்டி வீட்டுக்கென்று போட்ட காப்பி ஒரு தூக்குச் சட்டி நிறைய வந்திருந்தது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரெண்டு டம்ளர் குடித்தார். என் போனை எடுத்துவரச் சொன்னார். தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டு, சுற்றிப் பூ போட்டு, இரங்கல் செய்திகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். "நேர்மையின் சிகரமாம். இருந்தப்ப ஒருத்தனும் சொல்லலியே. இவன் பாரு, ரெண்டு கும்பிடு போட்டிருக்கான், ஒரு வார்த்தை எழுதல. பத்து வருஷம் எனக்குக் கீழ வேல பாத்த பய. நாளைக்கு எதுத்தாப்புல வரட்டும், சொல்லுதேன்." தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மதினி திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏளா, நாங்குநேரிக்கும் சொல்லிட்டேம்மா."

அவள் தங்கை நாங்குநேரியில் சித்தப்பா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிறாள். தெருவைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே மதினி அவளுக்கு போன் போட்டுவிட்டாள். தங்கை ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறாள். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே பஸ் ஏறிவிட்டாராம்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். நான் சித்தப்பா நம்பருக்கு அடித்தேன். சித்திதான் எடுத்தாள். அவர் போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எழுபது வயது மனுஷர், பஸ்ஸில் அழுதுகொண்டு வருகிறார். வந்து பார்த்தால் இங்கே கூட்டம் காப்பி குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. தன்னை ஏமாற்றிக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று நினைத்தால் முடிந்தது கதை. அதற்குப் பிறகு நிஜமாகவே ஒன்று நடந்தாலும் இந்தப் படி ஏற மாட்டார். அவர் கோபம் எனக்குத் தெரியும், அது எங்கள் குடும்பக் கோபம், எனக்கும் இருக்கிறது. "பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருதேன், அங்கனயே பாத்துச் சொல்லிருதேன்" என்று செருப்பைத் தேடினேன்.

"ஒண்ணும் போகாண்டாம்" என்றார் அப்பா. "அவன் வரட்டும்."

அதற்குள் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. ஆட்டோவில் இருந்து இறங்கும்போதே, "யண்ணே... என்னைய விட்டுட்டுப் போயிட்டியேண்ணே" என்று பெருங்குரல். கூடத்தில் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. அப்பா முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சட்டென்று எழுந்து உள்ளறைக்குப் போனார்.

"என்னப்பா?"

"சும்மா இருட்டி. அவன் என்ன சொல்லி அழுதான்னு கேக்கணும்." கட்டிலில் ஏறிப் படுத்து, வேட்டியைக் கால் வரை இழுத்துவிட்டு, போர்வையைத் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டார்.

"ஒங்களுக்கென்ன கூறு கெட்டுப் போச்சா? எந்திரிங்க!" என்று போர்வையைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். கையில் ஆள் உயர ரோஜா மாலை. கூடத்தில் யாரையும் பார்க்கவில்லை, தலையைக் குனிந்தபடியே உள்ளே வந்து, மாலையை என் கையில் தந்துவிட்டு, கட்டில் காலைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தார். விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மாலையோடு ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்படி அழுகிற ஒருவரிடம் என்ன சொல்வது?

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதாண்ணே... ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேனே! மூணு நாளு வந்தேனே! எதுத்த டீக்கடைல உக்காந்து ஒன் ஜன்னலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேனே! இப்பக் கூப்பிடுவே, இப்பக் கூப்பிடுவேன்னு இருந்துட்டு, கடேசி பஸ்ஸுக்குத் திரும்பித் திரும்பிப் போனேனே, பாவி!"

எனக்கு இது தெரியாது. யாருக்குமே தெரியாது. மாலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. போர்வை அசைந்தது. அடியில் இருந்து ஒரு குரல் வந்தது.

"எந்த டீக்கடைலே?"

"எதுத்த வரிசைல, மருந்துக்கடைக்குப் பக்கத்துல..." என்று அழுகையோடு அழுகையாகச் சொல்லிவிட்டுத்தான் சித்தப்பா நிறுத்தினார். மெதுவாகத் தலையைத் தூக்கிக் கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். அவர் கன்னமெல்லாம் நனைந்து, திருநீறு கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது.

"அங்கன டீ நல்லா இருக்காதேலே" என்றார்.

சித்தப்பா பின்னால் சரிந்த சரிவில் ஸ்டூல் கவிழ்ந்தது, அப்பாவின் மாத்திரை டப்பா உருண்டது. எழுந்ததும் அவர் போட்ட சத்தத்தை முழுக்க எழுத முடியாது. "அட கூறுகெட்ட மூதி! செத்த வீட்டுக்குன்னு மாலையோட வந்திருக்கேன், வெளையாடுதியா? எங்கிட்டதான் வெளையாட்டா? ஒழுங்காச் சாகக்கூடத் தெரியாதா ஒனக்கு?" என்று அண்ணனை ரெண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். உலுக்கியபடியே அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி அழுதார். வாசலில் எட்டிப் பார்த்த மதினி மூக்கைச் சிந்திக்கொண்டே கூட்டத்தை வெளியே ஓட்டினாள்.

ஸ்பீக்கர் கதையை எல்லாம் நான் சொல்லி முடித்து, மூச்சு நிதானமானதும் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள, எந்தப் பாட்டு அது? எங்கண்ணனக் கொன்ன பாட்ட நான் கேக்கணும். போடு."

என் வாழ்நாளில் ஒருவர் என்னிடம் என் பாட்டில் ஒன்றைப் போடு என்று கேட்டது அதுதான் முதல் தடவை. லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ரெண்டு பேரையும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்துப் போட்டேன். ஊதல் வந்தது. "சங்குதான்" என்றார் சித்தப்பா. "சங்கு இல்லலே, கேளு, நுனியில கரகரங்கு" என்றார் அப்பா, என்னமோ பரம்பரை ரசிகர் மாதிரி. தகடு, அழுகை எல்லாம் வந்தது. இந்த முறை நான் நிறுத்தவில்லை. கிட்டார் நுழைந்தது, டிரம்ஸ் பின்னால் வந்து சேர்ந்தது, அழுத குரல் இங்கிலீஷில் பாட ஆரம்பித்தது. சித்தப்பாவின் கை அவர் தொடையில் தானாக ஒரு தட்டுத் தட்டியது. எனக்கு உள்ளே துள்ளியது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"பாடுதவனுக்கு என்ன கஷ்டம்?"

"ஆத்துல வெள்ளம் வந்து வீட்ட அடிச்சிட்டுப் போயிட்டு, சித்தப்பா. தம்பி எங்கன இருக்கான், உசுரோட இருக்கானான்னு தெரியாமத் தேடிக்கிட்டுப் போறான்."

அப்பா நாற்காலியைச் சித்தப்பா பக்கம் திருப்பிப் போட்டார். "நம்ம பக்கம் வெள்ளம் வந்துச்சே, அப்ப ஒங்க ஊருல எப்படி இருந்துச்சு?"

"கொளம் ஒடஞ்சு தெருவுல முட்டளவு தண்ணி. நீ?"

"ரெண்டு நாளு கரண்டு இல்ல. ஒனக்கு எப்படியோன்னு நெனச்சேன்."

"நானும்தான் நெனச்சேன்."

இப்படியே நாலு வருஷத்தையும் பேசினார்கள். பாட்டு முடிந்து அடுத்தது போய், அதற்கடுத்ததும் போயிற்று. யாரும் அமத்தச் சொல்லவில்லை. மதினி வேகாத இட்லியை உப்புமா ஆக்கிக் கொண்டுவந்து தந்தாள், மூன்று பேரும் சாப்பிட்டோம். துட்டிக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று சித்தப்பா முழித்தார். நான் வாங்கி அம்மா படத்துக்குப் போட்டேன். படம் சின்னது, மாலை தரை வரைக்கும் தொங்கியது. ஐஸ் பெட்டியை எதிர்வீட்டு அண்ணாச்சி தானே வேனில் ஏற்றி அனுப்பினார்.

சாயங்காலம் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு மடமடவென்று தெருவில் இறங்கிவிட்டார். எனக்குத் திக்கென்றது. இன்னும் கோபமா? அப்புறம்தான் புரிந்தது. துட்டி வீட்டுக்கு வந்த ஆள், போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் போகிற பழக்கத்தில் போகிறார்.

அப்பா வாசலுக்கு ஓடினார். நெஞ்சுவலிக்குப் பிறகு அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"ஏலே! நில்லுலே! இங்கன யாரும் சாகல. சொல்லிட்டுப் போ!"

சித்தப்பா நடுத்தெருவில் நின்று திரும்பினார்.

"போயிட்டு வாறேம்ணே."

"எப்ப?"

"நீ கூப்பிடாண்டாம்" என்றார் சித்தப்பா. "நானே வருவேன்."